சொந்தக்காரர் யாருன்னு தெரியாத பாட்டு: அபூர்வ டீப் சோல் 45-கள் திரும்ப வர்ற கதை

ஏழு இன்ச் தட்டு, பக்கத்துக்கு மூணு நிமிஷம், நடுவுல பெரிய ஓட்டை. நிமிஷத்துக்கு 45 சுத்து சுத்துறதால 45-ன்னு பேரு, சிங்கிள்னும் சொல்வாங்க. 1965, 66 வாக்குல அமெரிக்காவோட தெற்குப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஊர்ல ஐநூறோ ஆயிரமோ அடிச்சு, உள்ளூர் ரேடியோவுல நாலு நாள் ஓடி, அப்புறம் யாரும் கேக்காமக் காணாமப் போன தட்டு. இன்னைக்கு அதுல ஒரு நல்ல காப்பி வேணும்னா நூத்துக்கணக்குல பவுண்டு எடுத்து வைக்கணும், சிலதுக்கு ஆயிரமும் பத்தாது. அதே பாட்டை புதுசா 45-ஆ அடிச்சு, பத்து பன்னெண்டு பவுண்டுக்கு விக்கிற சின்னச் சின்ன லேபிள்கள், அதாவது ரெக்கார்டு கம்பெனிகள், இங்கிலாந்துல இருக்கு, ஸ்பெயின்ல இருக்கு, அமெரிக்காவுல இருக்கு. வெளிய இருந்து பாக்குறவங்க கேக்குற கேள்வி ஒண்ணுதான்: ஒரு பழைய தட்டை பிளேயர்ல போட்டு, கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஃபேக்டரிக்கு அனுப்பினா முடிஞ்சது, இதுல என்ன பெரிய வேலை?

அப்படிப் பண்றவங்களும் இருக்காங்க, அதுக்குப் பேரு பூட்லெக், திருட்டுப் பதிப்பு. ஒழுங்கா பண்றவங்களுக்கு ஒரு சிங்கிள் வெளிய வர சில சமயம் வருஷக்கணக்குல ஆகுது. இதுல வேடிக்கை என்னன்னா ஒரு தட்டு எதனால அபூர்வமாச்சோ, அதே காரணம்தான் அதை முறையா திரும்பக் கொண்டு வர்றதுக்கும் குறுக்க நிக்குது. ஹிட் ஆகியிருந்தா பேப்பர் இருந்திருக்கும், டேப் பத்திரமா இருந்திருக்கும், லேபிள்காரர் பேரு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். ஆனா ஹிட் ஆகியிருந்தா அது அபூர்வமும் இல்ல, அதைத் தேடி யாரும் அலையப் போறதும் இல்ல.

டீப் சோல்னா என்னன்னு கொஞ்சம் சொல்லிடுறேன். சோல் மியூசிக்ல டான்ஸ் ஆடுற வேகப் பாட்டு ஒரு பக்கம், இது அதுக்கு நேர் எதிர். மெதுவா போகும், பெரும்பாலும் ஆறு எட்டு தாளம், பின்னாடி சர்ச்சுல கேக்குற மாதிரி ஆர்கன், பாடுறவர் சின்ன வயசுல இருந்து கோஸ்பெல், அதாவது சர்ச்சுப் பாட்டு, பாடி வளந்தவர். விஷயம் பெரும்பாலும் துரோகம், பிரிவு, கள்ளக் காதல், கெஞ்சல். பாட்டு முடியுறப்போ பாடினவர் குரல் உடைஞ்சு கத்திக்கிட்டு இருப்பார். இந்தப் பேரையே பொதுவழக்குல கொண்டு வந்தவர் டேவ் கோடின்னு ஒரு லண்டன்காரர். அமெரிக்கா பக்கம் வளராத வெள்ளைக்காரர், 1960-கள் கடைசியில லண்டன்ல சோல் சிட்டின்னு கறுப்பின இசைக்குன்னே ஒரு ரெக்கார்டு கடை வச்சு, பிளூஸ் அண்ட் சோல் பத்திரிகையில பத்தி எழுதினவர். இங்கிலாந்தோட வடக்குல கிளப்புகள்ல ஆடுற வேகமான சோல் பாட்டுக்கு நார்தர்ன் சோல்ங்கிற பேரு வந்ததும் அவர் புண்ணியம்தான். கடையை மூடிட்டு பின்னாடி ஷெஃபீல்டுல ஒரு சினிமா தியேட்டர் நடத்தினார்ங்கிறது தனிக்கதை. 1997-ல இருந்து 2004 வரைக்கும் கென்ட்ங்கிற மறுபதிப்பு லேபிள்ல டீப் சோல் ட்ரெஷர்ஸ்னு நாலு தொகுப்பு போட்டார், கடைசித் தொகுப்பு வந்த அதே வருஷம் இறந்துட்டார். இன்னைக்கு இந்தத் தட்டுகளைத் தேடுற பாதிப் பேர் அந்த நாலு சிடியில தொத்திக்கிட்டவங்க.

இப்போ இந்தத் தட்டுகள் ஏன் காணாமப் போச்சுன்னு பாக்கணும், அங்கதான் முடிச்சு இருக்கு.

மெம்ஃபிஸ்ல கோல்ட்வாக்ஸ்னு ஒரு லேபிள், 1964-ல ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் க்வின்டன் கிளாஞ்ச், ஹார்டுவேர் சாமான் விக்கிற சேல்ஸ்மேன், கன்ட்ரி மியூசிக் வாசிச்சுக்கிட்டு இருந்தவர். இன்னொருத்தர் டாக் ரஸ்ஸல், மருந்துக்கடைக்காரர். இவங்கதான் ஜேம்ஸ் கார்ங்கிற மாபெரும் பாடகரை உலகத்துக்குக் காட்டினவங்க. அவரோட சில தட்டு சார்ட்ல ஏறுச்சு, டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட் 1967-ல ஆர் அண்ட் பி (கறுப்பின இசை) பட்டியல்ல பத்தாவது இடம் வரைக்கும் போச்சு. ஆனா அதே லேபிள்ல ஸ்பென்சர் விக்கின்ஸ்னு ஒருத்தர் இருந்தார், குரல்ல ஜேம்ஸ் காருக்கு ஒரு மாத்து குறைஞ்சவர் இல்ல, என்னைக் கேட்டா சில பாட்டுல ஒரு படி மேல. அவர் தட்டு ஒண்ணு கூட பெருசா ஓடல. ஏன்னு கேட்டா பாட்டுல குறை இல்ல, தட்டைக் கடைக்குக் கொண்டு போற ஏற்பாட்டுல குறை.

அன்னைக்கு நடைமுறை இதுதான். லேபிள்காரர் கைக்காசு போட்டு ரெக்கார்டு பண்ணுவார். மெம்ஃபிஸா இருந்தா அங்கேயே பிளாஸ்டிக் புராடக்ட்ஸ்னு ஒரு ஃபேக்டரி, அதுல ஐநூறோ ஆயிரமோ அடிப்பார். ஒரு பங்கு ரேடியோக்காரங்களுக்கு இலவசமா போகும். அப்போ நாஷ்வில்ல டபிள்யூஎல்ஏசின்னு ஒரு ஸ்டேஷன், ஐம்பதாயிரம் வாட், ராத்திரியில அமெரிக்காவோட கிழக்குப் பாதி முழுக்க கேக்கும், அதுல ஜான் ஆர்னு ஒரு டிஜே, ஜான் ரிச்பர்க். வெள்ளைக்காரர், ஆனா குரலை வச்சு நிறைய பேர் கறுப்பினத்தவர்னே நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. அவர் போட்டா தட்டு விக்கும். அவரே சவுண்ட் ஸ்டேஜ் 7 லேபிளுக்கு ஜோ சைமன், எலா வாஷிங்டன்னு நிறைய பேரை வச்சு அருமையான தட்டுகளைத் தயாரிச்சார்ங்கிறது இன்னொரு விஷயம். இப்படி யாராவது பெரிய கை போடலைன்னா தட்டு ஊர் எல்லையைத் தாண்டாது. தாண்டினாலும் டிஸ்ட்ரிபியூட்டர் காசு குடுக்குறது அடுத்த தட்டும் ஓடினா மட்டும்தான். ஓடாத தட்டு மூட்டையா திரும்பி வரும், குப்பைக்குப் போகும். மூணு தட்டு போட்டுட்டு கடையை மூடின லேபிள் நூத்துக்கணக்குல உண்டு.

மூடினவங்க எல்லாத்தையும் மறந்துட்டு வேற வேலைக்குப் போயிட்டாங்க. ஒப்பந்தம்னு ஒண்ணு இருந்திருந்தா அது ஒரு பக்கத் தாளு, பாதி இடத்துல அதுவும் கிடையாது. டேப் யார் வீட்டுப் பரண்லயோ. ஸ்டுடியோக்காரர் பில்லுக்குப் பணம் வரலைன்னு டேப்பைத் தன்கிட்டயே வச்சுக்கிட்டிருப்பார், இல்லைன்னா அதே டேப்பை அழிச்சு வேற கச்சேரி பதிஞ்சிருப்பார்.

உரிமை விஷயம் எவ்ளோ சிக்கல்னு புரிய ஓ.வி.ரைட் கதையே போதும். 1964-ல கோல்ட்வாக்ஸ்ல அவர் ஒரு தட்டு போட்டார், நல்லா கிளம்புச்சு. உடனே ஹூஸ்டன்ல இருந்து பீகாக் லேபிள் முதலாளி டான் ரோபி வந்து, இவர் எங்க கோஸ்பெல் குழுவுல பாடினவர், எங்ககூட ஒப்பந்தத்துல இருக்கார்னு சொல்லி ஆளையே தூக்கிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் அவர் தட்டெல்லாம் ரோபியோட பேக் பீட் லேபிள்ல வந்துச்சு. அந்த முதல் தட்டு யாருதுன்னு இன்னைக்கு ஒருத்தர் லைசென்ஸ் கேட்டுப் போனா எத்தனை பேர் வாசல்ல நிக்கணும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு வகை, லீஸ். அலபாமாவுல ஷெஃபீல்டுன்னு ஒரு ஊர், அங்க ரெக்கார்டு கடையும் ரேடியோ வேலையுமா இருந்த க்வின் ஐவி ஒரு சின்ன ஸ்டுடியோ வச்சு பெர்சி ஸ்லெட்ஜைப் பாட வச்சார், அந்த மாஸ்டரை, அதாவது மூல ஒலிப்பதிவை, நியூயார்க் அட்லான்டிக் லேபிளுக்குக் கைமாத்தினாங்க, 1966-ல அது நம்பர் ஒன். அது அதிர்ஷ்டக் கதை. இதே வழியில நூத்துக்கணக்கான மாஸ்டரை தெற்குல இருந்த சின்ன ஆளுங்க வடக்குல இருந்த பெரிய கம்பெனிகளுக்கு ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் குடுத்தாங்க. காலம் முடிஞ்சதும் உரிமை தயாரிப்பாளருக்கே திரும்பணும். ஆனா கம்பெனி ரெண்டு மூணு தடவை கைமாறி இருக்கும், புதுசா வாங்கினவங்க கோப்புல அந்தப் பாட்டு அவங்க சொத்துன்னே பதிவாகி இருக்கும், தயாரிப்பாளரோட பிள்ளைங்களுக்கு அப்பா அப்படி ஒண்ணு பண்ணினதே தெரியாது. பட்டா ஒருத்தர் பேர்ல, அனுபவம் இன்னொருத்தர் கையில, வில்லங்கம் போட்டுப் பாத்தா நடுவுல இருபது வருஷத்துக்கு பதிவே இல்லாத நிலம் மாதிரிதான் இது. பெரிய ஆளுங்களே இதுல ஏமாந்திருக்காங்க: ஸ்டாக்ஸ் மாதிரி ஒரு லேபிளே அட்லான்டிக்கோட போட்ட ஒப்பந்தத்தை சரியாப் படிக்காமக் கையெழுத்துப் போட்டு, 1968-ல பிரிஞ்சப்போ அதுவரைக்கும் அட்லான்டிக் விநியோகம் பண்ணின தன் மாஸ்டரை எல்லாம் இழந்துட்டு நின்னுச்சு.

இங்க ஒண்ணு கவனிக்கணும், ஒரு தட்டுல ரெண்டு சொத்து இருக்கு. பாட்டை எழுதினவங்க உரிமை ஒண்ணு, அதைப் பதிஞ்ச ஒலிப்பதிவோட உரிமை இன்னொண்ணு. முதல் உரிமையைக் கண்டுபிடிக்கிறது சுலபம், ஏன்னா எழுதினவங்க பேரும் பப்ளிஷர் பேரும் தட்டு நடுவுல இருக்கிற லேபிள் தாள்லயே அச்சாகி இருக்கும், பிஎம்ஐ மாதிரி சங்கத்துல பதிஞ்சிருப்பாங்க, இன்னைக்கும் தேடினா கிடைக்கும். ரெண்டாவதுக்கு அப்படி ஒரு பதிவேடே கிடையாது. அதனால மறுபதிப்புக்காரங்க பாதி வேலை துப்பறியிற வேலைதான்: அந்தத் தாள்ல இருக்கிற பழைய முகவரி, தயாரிப்பாளர் பேரு, உள்ளூர் டெலிஃபோன் டைரக்டரி, இறப்புச் செய்தி, சர்ச்சு, பேரப் பிள்ளைங்க ஃபேஸ்புக்.

சரி, அறுபது வருஷம் ஆச்சே, காப்பிரைட் முடிஞ்சிருக்காதான்னு கேக்கலாம். நல்ல கேள்வி. அமெரிக்காவுல 1972 பிப்ரவரி 15-க்கு முன்னாடி பதிஞ்ச ஒலிப்பதிவுக்கு மத்திய அரசு காப்பிரைட்டே ரொம்ப காலமா இல்ல, ஒவ்வொரு மாநிலச் சட்டமும் ஒரு மாதிரி. 2018-ல மியூசிக் மாடர்னைசேஷன் ஆக்ட்னு ஒண்ணு வந்து இதை ஒழுங்கு பண்ணுச்சு, அதன்படி 1957-ல இருந்து 1972 அந்தத் தேதி வரைக்கும் வந்த பதிவுக்கெல்லாம் 2067 பிப்ரவரி வரைக்கும் பாதுகாப்பு. டீப் சோல் முழுக்க இந்தக் கட்டத்துக்குள்ள மாட்டிக்கிச்சு. வியாபாரத்துல இல்லாத பழைய பதிவை லாபநோக்கம் இல்லாம பயன்படுத்த ஒரு சின்ன வழி அந்தச் சட்டத்துல இருக்கு, ஆனா தட்டு அடிச்சு விக்கிறதுக்கு அது உதவாது. பிரிட்டன்லயும் ஐரோப்பாவுலயும் ஒலிப்பதிவோட காப்பிரைட் காலம் ஐம்பது வருஷம்னு இருந்ததை 2013-ல எழுபதா ஆக்கிட்டாங்க. 1962 வரைக்கும் வெளிவந்தது அதுக்குள்ள தப்பிச்சு பொதுச்சொத்தாயிடுச்சு, அதனாலதான் ஐரோப்பாவுல பழைய பிளூஸ், ராக் அண்ட் ரோல் தட்டெல்லாம் கண்ட கம்பெனியும் யாரையும் கேக்காம சட்டப்படியே அடிச்சுத் தள்ளுது. டீப் சோலோட பொற்காலமோ 1964-க்கும் 1972-க்கும் நடுவுல. 1965-ல வந்த ஒரு தட்டுக்கு அங்க 2035 கடைசி வரைக்கும் அனுமதி வாங்கித்தான் ஆகணும்.

அப்போ சொந்தக்காரர் கிடைக்கவே இல்லைன்னா? நேர்மையான லேபிள்கள் ரெண்டு வழி வச்சிருக்காங்க. ஒண்ணு, விட்டுடுறது. ரெண்டாவது, ராயல்டிக்கு உண்டான காசைத் தனியா எடுத்து வச்சுட்டு வெளியிடுறது, என்னைக்காவது ஆள் வந்தா குடுத்துடலாம்னு. இதுல சட்டச் சிக்கல் இருக்கு, ஆனாலும் சில சமயம் பலன் குடுக்குது. சிகாகோவுல 2003-ல ஆரம்பிச்ச நியூமெரோ குரூப்புக்கு இப்படித்தான் நடந்துச்சு. ஒஹையோவுல கொலம்பஸ் ஊர்ல ஒருத்தர் இறந்தப்புறம் அவர் வீட்டுச் சாமான்ல இருந்து ஒரு டேப் கிடைச்சுது, அதுல பென்னி அண்ட் த குவார்டர்ஸ்னு எழுதி ஒரு பாட்டு, யாருன்னே தெரியல. 2007-ல தொகுப்புல போட்டாங்க. அது 2010-ல புளூ வேலன்டைன் படத்துல வந்து பிரபலமாயிடுச்சு, அப்பவும் யாருன்னு தெரியல, காசு குடுக்க ஆளைத் தேடுறாங்கன்னு பத்திரிகையில செய்தி வந்து, 2011-லதான் பாடின அம்மா கிடைச்சாங்க. கொலம்பஸ்லயேதான் இருந்திருக்காங்க. கறாரா பாத்தா அது டீப் சோல் இல்ல, இனிப்பான பாட்டு, ஆனா இந்தத் தொழிலைப் புரிஞ்சுக்க இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது டேப். உரிமை கிடைச்சா டேப் இருக்காது, டேப் கிடைச்சா உரிமை இருக்காது, இது இந்த உலகத்துல எழுதப்படாத விதி. 1978 பிப்ரவரியில நியூஜெர்சி லாங் பிராஞ்ச்ல அட்லான்டிக் கம்பெனி டேப் வச்சிருந்த கிடங்கு எரிஞ்சு ஆயிரக்கணக்கான டேப் போயிடுச்சு. வெளிய வராத பதிவுகள், அதே பாட்டை வேற தடவை பாடிப் பதிஞ்ச மாற்று டேக்குகள், எல்லாம் அதுல. பாடகி பெட்டி லவெட் 1972-ல அலபாமாவோட மசில் ஷோல்ஸ்ல அட்லான்டிக்குக்காக ஒரு முழு ஆல்பம் பாடி, கம்பெனி கடைசி நேரத்துல வெளியிடாம விட்டுடுச்சு. அந்த டேப்பும் தீயில போச்சுன்னே எல்லாரும் நினைச்சாங்க. 1990-கள் கடைசியில ஜில் பெட்டார்னு ஒரு பிரெஞ்சு ரெக்கார்டு சேகரிப்பாளர், வேற எதையோ தேடப் போனப்போ அது கண்ணுல பட்டு, லைசென்ஸ் வாங்கி 2000-ல வெளியிட்டார். இருபத்தெட்டு வருஷம் கழிச்சு. அதுக்கப்புறம் லவெட்டோட ரெண்டாவது ஆட்டம் ஆரம்பிச்சு, 2008-ல கென்னடி சென்டர் விழா மேடை வரைக்கும் போனாங்க. மறுபதிப்புன்னா கிழவர்கள் பழசைத் தடவிப் பாக்குற வேலைன்னு சொல்றவங்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

டேப்பே இல்லைன்னா நல்ல தட்டு ஒண்ணைத் தேடி, அதுல இருந்து எடுக்கணும். அங்கயும் ஒரு தொல்லை, அமெரிக்க சிங்கிள்கள்ல நிறைய வினைலே கிடையாது, ஸ்டைரீன். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அச்சுல பீச்சி அடிக்கிற முறை, மலிவு, வேகம், ஆனா கனமான ஊசி பத்து இருபது தடவை ஓடினாலே தேய்ஞ்சு இரைச்சல் வந்துடும். ஜூக்பாக்ஸ்ல ஓடின ஸ்டைரீன் காப்பின்னா பாதி பாட்டு ஏற்கனவே போயிருக்கும். அதனால அபூர்வமான தட்டுல கிட்டத்தட்ட ஓடாத காப்பி யார்கிட்ட இருக்கோ அந்த ஆளோட தயவு இல்லாம மறுபதிப்பு நடக்காது. சில சேகரிப்பாளர்கள் சந்தோஷமா குடுப்பாங்க. சிலர் குடுக்க மாட்டாங்க, ஏன்னா மறுபதிப்பு வந்தா அவங்க காப்பி விலை இறங்கிடும்னு பயம். உண்மையில பெரும்பாலும் இறங்குறது இல்ல, பாட்டு நாலு பேருக்குத் தெரிஞ்சப்புறம் அசல் தட்டுக்கு கிராக்கி கூடத்தான் செய்யுது.

தட்டுல இருந்து எடுத்ததை சுத்தம் பண்றேன்னு சொல்லி சில பேர் பண்ற அட்டூழியம் தாங்க முடியாது. டிக் டிக் சத்தத்தை எடுக்கலாம், அதுக்கு மேல இரைச்சலை எடுக்கப் போனா சிம்பலும் ஆர்கனும் சேந்து போயிடும், பாடகர் தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆயிடும். அதே சமயம் டேப் இருந்தா மட்டும் எல்லாம் சரின்னும் இல்ல. சிங்கிள்ல கேட்டது மோனோ மிக்ஸ், ரேடியோவுக்காக நல்லா சத்தமா வெட்டினது. டேப்புல இருக்கிறது ஸ்டீரியோவா இருக்கலாம், வேற டேக்கா இருக்கலாம், வேகம் கொஞ்சம் மாறி இருக்கலாம், சிங்கிள்ல ஃபேட் ஆகுற இடத்துல டேப்புல இன்னும் முப்பது செகண்டு கத்தல் இருக்கலாம். வாங்குறவங்க முப்பது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கிற ஆளுங்க, அரை நொடி மாறினாலும் இது அது இல்லன்னு கண்டுபிடிச்சுடுவாங்க.

தட்டு அடிக்கிற வேலை இதையெல்லாம் பாத்தா சின்னது. லாக்கர் பூசின தட்டுல பள்ளத்தை வெட்டி, வெள்ளி பூசி, நிக்கல் ஏத்தி, ஸ்டாம்பர்ங்கிற உலோக அச்சு எடுத்து அழுத்த வேண்டியதுதான். இதுல 2020 பிப்ரவரியில ஒரு இடி விழுந்துச்சு, கலிஃபோர்னியா பேனிங்ல அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஃபேக்டரி எரிஞ்சு போச்சு. அப்போ உலகத்துல அந்த லாக்கர் தட்டு செஞ்சது ரெண்டே இடம், அதுல ஒண்ணு அது, மிச்சம் ஜப்பான்ல எம்டிசி. அதே நேரத்துல வினைல் வியாபாரம் ஏறிக்கிட்டே போய், 2022-ல அமெரிக்காவுல சிடியை விட வினைல் தட்டு எண்ணிக்கையிலயே அதிகமா வித்துச்சு, 1987-க்கு அப்புறம் முதல் தடவை. பெரிய பாப் ஸ்டாருங்க லட்சக்கணக்குல ஆர்டர் குடுக்குற இடத்துல ஐநூறு காப்பி சிங்கிள் கேக்குறவர் வரிசையில எங்க நிப்பார்னு சொல்லத் தேவையில்ல.

காசு? அதுவும் சின்னதுதான். அமெரிக்காவுல பாட்டு எழுதினவருக்கு ஒரு காப்பிக்குச் சட்டப்படி குடுக்க வேண்டியது 1909-ல இருந்து 1977 வரைக்கும் ரெண்டு சென்ட், மாறவே இல்ல. 2023-ல அது பன்னெண்டு சென்ட் ஆச்சு. ரெண்டு பக்கம், ஐநூறு காப்பின்னா 120 டாலர். பாடினவருக்கும் மாஸ்டர் சொந்தக்காரருக்கும் தனியா ஒரு முன்பணம், அதுவும் வீடு கட்டுற தொகை கிடையாது. கட்டிங், ஸ்டாம்பர், அச்சு, தபால் எல்லாம் போக லேபிள்காரருக்கு மிஞ்சுறது அடுத்த தட்டு போட. நிஜமான காசு சினிமாவுல, விளம்பரத்துல, பழைய பாட்டுல ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டுல சேக்கிற ஹிப் ஹாப் சாம்பிள்ல இருந்துதான் வருது. சிகாகோ பாடகர் சில் ஜான்சன் மாதிரி ஆளுங்க சாம்பிளுக்காகக் கோர்ட்டுக்கே போய் செட்டில்மெண்ட் வாங்கினாங்க. ஆனா அந்தக் காசு சரியான ஆளுக்குப் போகணும்னா முதல்ல யாரு சொந்தக்காரர்னு யாராவது உக்காந்து கண்டுபிடிச்சிருக்கணும், அந்த வேலையை ஐநூறு காப்பி அடிக்கிற கிறுக்குங்கதான் பண்ணி வச்சிருக்காங்க.

பூட்லெக் பத்தி சொல்லாம விட முடியாது. 1970-கள்ல இங்கிலாந்து நார்தர்ன் சோல் கிளப்புகள்ல கிராக்கி ஏறினப்போவே திருட்டுத் தட்டு கொட்ட ஆரம்பிச்சிடுச்சு, அசல் லேபிளை அப்படியே காப்பியடிச்சு. அங்க ஆட்டப் பாட்டுக்கு இருந்த விலை வேற ரகம், ஃபிராங்க் வில்சன் 1965-ல பாடின ஒரு மோடவுன் கம்பெனித் தட்டு 2009-ல 25,742 பவுண்டுக்குப் போய், 2020-ல ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறுச்சு. டீப் சோல் அந்த உயரத்துக்குப் போனது இல்ல, ஆட முடியாதே. அதனால இதுல திருட்டும் கொஞ்சம் கம்மி, ஆனா இல்லாம இல்ல.

அசலைப் பாத்துக் கண்டுபிடிக்க சில வழி இருக்கு. பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னாடி இருக்கிற வெறும் இடம், டெட் வாக்ஸ்னு சொல்வாங்க, அதுல மேட்ரிக்ஸ் நம்பர் எப்படிப் பதிஞ்சிருக்குன்னு பாக்கணும். அச்சுல குத்தினதா, கையால கீறினதா, அசலோட ஒத்துப் போகுதா. லாஸ் ஏஞ்சல்ஸ் மோனார்க் ஃபேக்டரியில அடிச்சதுன்னா ஒரு முக்கோணமும் நம்பரும் இருக்கும், அதை வச்சு எந்த மாசம் அடிச்சதுன்னே சொல்லிடலாம். அசல் ஸ்டைரீன்ல மட்டுமே வந்த தட்டு உங்க கையில வினைலா இருந்தா, அது பின்னாடி வந்தது. ஸ்டைரீன் தட்டுல லேபிள் பெரும்பாலும் மேல ஒட்டினதா இருக்கும், விரலால சுண்டினா சத்தமே வேற.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. வெளிய வராத டேப்புகளை 45-ஆ போடுறது. ஏஸ் ரெக்கார்ட்ஸோட கிளை லேபிளான கென்ட், 1982-ல ஆரம்பிச்சது, அதுல ஏடி குரோஸ்டெல்னு ஒருத்தர். லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் 100 கிளப்புல ராத்திரி முழுக்க நடக்கிற சோல் கூட்டத்தை நடத்துறவர், அதோட அமெரிக்காவுல பழைய கம்பெனிகளோட டேப் அறைக்குள்ள போய் உக்காந்து ஒவ்வொரு ரீலா கேட்டவர். அங்க இருந்து வந்ததுல சிலது அறுபதுகள்லயே வெளிவந்த ஹிட்டை விட நல்ல பாட்டு. மசில் ஷோல்ஸ் ஃபேம் ஸ்டுடியோ டேப் அறையிலயும் கென்ட் ஆளுங்க இறங்கினாங்க. ஜார்ஜ் ஜாக்சன், ஃபேமோட பாட்டாசிரியர், மத்தவங்களுக்குக் காட்டுறதுக்காகத் தானே பாடி வச்ச டெமோ ஏகப்பட்டது அங்க இருந்துச்சு. 2011-ல இருந்து அது வெளிய வர ஆரம்பிச்சுது, கேட்டா டெமோன்னே நம்ப முடியாது. கோல்ட்வாக்ஸ் மூடினப்புறம் ஸ்பென்சர் விக்கின்ஸ் ஃபேம்ல பாடினதும் இதே மாதிரி 2010-ல தொகுப்பா வந்துச்சு, சிலது அதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல.

இந்த மாதிரி பாட்டு 45-ஆ வந்தா சேகரிப்பாளர் கணக்கே மாறிடுது. அசல் தட்டு மட்டும்தான் போடுவேன்னு பிடிவாதம் பிடிக்கிற டிஜேக்கள் இருக்காங்க, மறுபதிப்பைக் கையால தொட மாட்டாங்க. ஆனா 1969-ல பதிஞ்சு அப்போ வெளியே வராத பாட்டுக்கு, இப்போ அடிச்ச இந்த ஐநூறு காப்பிதான் அசல், வேற கிடையாது. அதனால சில புதுத் தட்டு வந்த வாரத்துலயே தீந்து, மறுமாசம் நாலு மடங்கு விலைக்கு வித்துக்கிட்டு இருக்கும்.

இங்கதான் எனக்கு சில லேபிள்கள் மேல கோவம் வர்றது. முந்நூறு காப்பி, நம்பர் போட்டு, கலர் வினைல், ஒரு ஆளுக்கு ஒண்ணுன்னு விக்கிறாங்க. முந்நூறுக்கு மேல விக்காதுன்னு உண்மையாவே பயந்து அப்படிப் போட்டா புரிஞ்சுக்கலாம், டீப் சோல் வாங்குற கூட்டம் உலகம் முழுக்க சேத்தாலும் சின்னதுதான். ஆனா ரெண்டாயிரம் பேர் கேக்குறாங்கன்னு தெரிஞ்சும் முந்நூறோட நிறுத்தி, மறுபடி அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்றதுல பாடினவருக்கு என்ன லாபம்? அவருக்கு ஒரு காப்பிக்கு இவ்ளோன்னுதான் காசு. வாங்கி மறுவிலைக்கு விக்கிறவருக்குத்தான் லாபம். கென்ட் மாதிரி ஆளுங்க சாதாரணக் கறுப்புத் தட்டா போட்டு, கிராக்கி இருந்தா திரும்ப அடிக்கிறது எவ்வளவோ மேல்.

ஜப்பான்காரங்களை இதுல தனியா சொல்லணும். 1970-கள்லயே பி-வைன் மாதிரி லேபிள்கள் அங்க பிளூஸும் சோலும் மறுபதிப்பு போட ஆரம்பிச்சாச்சு, அமெரிக்காவுலயே ஆள் சீண்டாத நேரத்துல. 1979-ல ஓ.வி.ரைட் அங்க போய் பாடினது லைவ் ஆல்பமா வந்துச்சு, அதே வருஷம் ஜேம்ஸ் காரும் போனார். மாத்திரை அதிகமாகி மேடையில அப்படியே உறைஞ்சு நின்னுட்டார், பாவம்.

இப்போதைக்கு இந்த வேலையோட எதிரி காலம்தான். ஸ்பென்சர் விக்கின்ஸ் 2023-ல போயிட்டார். க்வின்டன் கிளாஞ்ச் 2018-ல, தொண்ணூத்தாறு வயசுல, வில்லி ஹைட்டவர்ங்கிற பழைய ஃபேம் பாடகரை வச்சு ஏஸ் லேபிளுக்கு ஒரு முழு ஆல்பம் தயாரிச்சுக் குடுத்தார், நம்புங்க, அதுவும் மசில் ஷோல்ஸ்லயே போய். 2021-ல தொண்ணூத்தொன்பது வயசுல இறந்தார். இந்தப் பாட்டை யார் பதிஞ்சாங்க, யாருக்கு லீஸ் குடுத்தாங்க, அந்த ரெண்டாவது கிட்டார் யாரு வாசிச்சதுன்னு போன் போட்டுக் கேட்டா பதில் சொல்ற ஆளுங்க வருஷத்துக்கு வருஷம் கொறையுறாங்க. பிள்ளைங்க வீட்டைக் காலி பண்றப்போ கராஜ்ல இருக்கிற டேப் பெட்டியைப் பழைய குப்பைன்னு நினைச்சுத் தூக்கி வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் அங்க போய்ச் சேர்றாரா இல்லையாங்கிறதைப் பொறுத்துதான் அடுத்த தட்டு வரும், வராமப் போகும்.